கொள்ளைநோயும் வீடு என்னும் சொல்லும்

1897ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 4ஆம் நாள், அவ்வாண்டின் மூன்றாம் சட்டமாக நிறைவேறிய கொள்ளைநோய்கள் சட்டம் நான்கு பிரிவுகளே கொண்டது. அச்சில் ஓரிரு பக்கங்களுக்குள் அடங்கிவிடும் இச்சட்டம், இந்தியாவில் அரசுக்கும் குடும்பத்துக்கும் இடையிலான உறவை மாற்றியமைத்த சட்டங்களுள் ஒன்றாகும். தமிழில் இதனைத் ‘தொற்றுநோய்கள் சட்டம்’ என்றும் ‘கொள்ளைநோய்கள் சட்டம்’ என்றும் இருவகையாகக் குறிப்பிடுவர். முன்னது நோய் பரவும் வழியைச் சுட்டுகிறது. பின்னது நோயின் விளைவைச் சுட்டுகிறது. சட்டமோ எந்த நோய் ‘ஆபத்தான கொள்ளைநோய்’ ஆகும் என்பதை எங்கும் வரையறுக்கவில்லை. நடைமுறையிலுள்ள சட்டங்கள் போதா என அரசு கருதினால் போதும். தேவையெனத் தோன்றும் எந்த நடவடிக்கையையும் அது எடுக்கலாம். சட்டத்தின்படி நல்லெண்ணத்துடன் செயற்பட்ட எவர்மீதும் வழக்குத் தொடர முடியாது என்பது இறுதிப் பிரிவு.

மொழியியலார்க்கு இதன் இரண்டாம் பிரிவு தனிச் சுவையுடையது. இரயிலிலோ வேறு வகையிலோ பயணம் செய்வோரைச் சோதித்தல், சோதிக்கும் அலுவலர் நோயுற்றவரென ஐயுறுவோரை ‘மருத்துவமனையிலோ தற்காலிகத் தங்குமிடத்திலோ வேறு வகையிலோ’ பிரித்து வைத்தல் ஆகியவற்றுக்கான அதிகாரத்தை அப்பிரிவு தருகிறது. ஐயுறுபவர் மருத்துவராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. பிரித்து வைத்தல் என்னும் வினைக்குச் செயப்படுபொருளாக வருவது ‘நபர்’ என்னும் சொல். அந்நபர் யாரிடமிருந்து பிரிக்கப்படுகிறார் என்பதற்குச் சட்டத்தில் சொல் இல்லை. தாய், தந்தை, குழந்தை, கணவன், மனைவி, குடும்பம் ஆகிய எவையும் அதில் இடம்பெறவில்லை. இவ்விடுபாடு எழுதியவரின் மறதி அன்று. அச்சட்டத்தின் இலக்கணமே தனியாளையும் அரசையும் மட்டும் எழுவாயாகவும் செயப்படுபொருளாகவும் கொண்டது. நோய் வாழ்ந்த இடமாகிய வீடு அவ்விலக்கணத்திற்கு வெளியே நின்றது.

வீட்டின் அறைகள்

1896 செப்டம்பரில் பம்பாயின் மாண்ட்வி பகுதியில் மருத்துவர் அகாசியோ காப்ரியேல் வியேகாஸ் பிளேக் நோயை அடையாளம் கண்டார். சில மாதங்களுக்குள் நகர மக்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் வெளியேறினர். நோய்க்கு அஞ்சி ஓடினர் என்று பொதுவாக எழுதப்படுவதுண்டு. நோய்த் தடுப்புக்கு அஞ்சி ஓடியவர்களும் அவர்களுள் இருந்தனர். 1896 அக்டோபரிலேயே ஆலைத் தொழிலாளர் ஆயிரம்பேர் அளவில் திரண்டு ஆர்தர் சாலை மருத்துவமனையைத் தாக்கினர். அவர்கள் நோக்கில் மருத்துவமனை என்பது உறவினரைக் கொண்டுபோய் மறைத்துவிடும் இடம். உள்ளே சென்றவர்கள் பெரும்பாலும் இறந்தே வெளியே வந்தனர் என்பதும் உண்மை. நோய் முற்றிய நிலையிலேயே அவர்கள் கொண்டு செல்லப்பட்டனர் என்னும் விளக்கத்தை, வீட்டில் காத்திருந்தவர்களுக்கு அவர்கள் மொழியில் சொல்வார் அரியர்.

புனே நகரில் 1897இன் தொடக்கத்தில் வால்டர் சார்லஸ் ராண்டு என்னும் அலுவலரின் தலைமையில் பிளேக் குழு அமைந்தது. ஆங்கிலப் படைவீரர் வீடு வீடாகச் சென்று நோயாளிகளைத் தேடினர். ஆங்கில அறிக்கைகளில் இது ‘வீட்டுச் சோதனை’ எனப்படும். இங்கு ‘வீடு’ என்பது ஒரே அலகு. எண்ணுவதற்கும் கிருமி நீக்குவதற்கும் உரிய ஒரு கட்டடம். மராத்திக் குடும்பத்தின் சொல்வழக்கிலோ வீடு ஓர் அலகு அன்று. வந்தவரை அமர்த்தும் ‘ஓட்டீ’, பெண்டிர் புழங்கும் நடுவறையாகிய ‘மாஜ்கர்’, சமையலுக்குரிய ‘ஸ்வயம்பாக்கர்’, பூசைக்குரிய ‘தேவ்கர்’ என்று அது படிப்படியாக உள்வாங்கிச் செல்வது. ஒவ்வொரு படியிலும் நுழையத் தக்கவர் யார், எந்நிலையில் நுழையலாம் என்பதற்கு முறை உண்டு. நம் திண்ணை, கூடம், அடுக்களை என்பவற்றை எண்ணிப் பார்த்தால் இது விளங்கும். காலணியோடு சமையலறைக்கும் பூசையறைக்கும் படைவீரர் புகுந்தனர் என்பதே அன்றைய மராத்தி இதழ்களில் ஓங்கி ஒலித்த முறையீடு. ஆங்கில அலுவலர்க்கு இது சிறு செய்தியாகப் பட்டது. ஒரு சொல்லின் கீழ் நான்கு சொற்கள் மறைந்துபோனமையை அவர் அறிய வாய்ப்பில்லை. இம்முறையீட்டில் சாதித்தூய்மை பற்றிய கவலையும் கலந்திருந்தது என்பதை மறைக்க வேண்டுவதில்லை. எனினும் பெண்களைத் தெருவில் நிறுத்தி அக்குளிலும் தொடையிடுக்கிலும் கட்டி உள்ளதா எனச் சோதித்தனர் என்ற முறையீட்டைத் தூய்மைவாதம் என்று ஒதுக்கிவிட இயலாது.

அவ்வாண்டின் கோடையில் இங்கிலாந்தில் இருந்த கோபால கிருஷ்ண கோகலே, புனேயில் படைவீரரால் இரு பெண்கள் கெடுக்கப்பட்டனர் எனவும், அவர்களுள் ஒருவர் தற்கொலை செய்துகொண்டார் எனவும் நண்பர்களின் கடிதங்களை நம்பி ஆங்கில இதழொன்றில் கூறினார். நாடு திரும்பிய பின் அதனை மெய்ப்பிக்குமாறு கேட்கப்பட்டபோது அவரால் இயலவில்லை. செய்தி தந்தவர்கள் முன்வரவில்லை; பெயர்கள் வெளிவரவில்லை. கோகலே வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். அரசியல் வரலாற்றில் இது மிதவாதிகளின் பின்னடைவாக எழுதப்படும். குடும்ப வரலாற்றின் நோக்கில் பார்த்தால் வேறொன்று புலனாகிறது. குற்றச்சாட்டு மெய்யாக இருந்திருந்தாலும் அதனை உரைப்பதற்குரிய மொழி குடும்பத்திடம் இல்லை. மானம் என்னும் சொல் அதற்கு வாயிலடைத்திருந்தது. நீதிமன்றம் பெயரையும் நாளையும் கேட்கும். குடும்பம் அவ்விரண்டையுமே மறைக்கும். எது நடந்தது என்பது இன்றுவரை ஆவணமாகாமைக்கு இதுவே காரணம். ஆவணத்தில் இன்மை, நிகழ்ச்சியில் இன்மை ஆகாது. இன்மையைச் சான்றாகவும் கொள்ள முடியாது.

அதே புனேயில் மார்ச் 10ஆம் நாள் சாவித்திரிபாய் புலே இறந்தார். அவருடைய வளர்ப்பு மகன் யஷ்வந்த் மருத்துவர். நகருக்கு வெளியே பிளேக் நோயாளர்க்கு மருத்துவமனை நடத்தினார். முண்ட்வாவிலிருந்து நோயுற்ற சிறுவன் ஒருவனைச் சுமந்து வந்ததில் சாவித்திரிபாய்க்கும் நோய் தொற்றியது என்பர். அரசு நோயாளியைக் குடும்பத்தினின்றும் பிரித்துக்கொண்டிருந்த காலத்தில், தாயும் மகனும் குடும்பமாகவே ஒரு மருத்துவமனையை நடத்தினர். அடுக்களைக்குள் நுழையவே உரிமை மறுக்கப்பட்ட சாதியாரும் பெண்களும் இருந்த ஊரில், ‘வீட்டின் தூய்மை’ எல்லார்க்கும் ஒரே பொருள் தந்திருக்க முடியாது என்பதற்கும் இது சான்று.

அன்பின்மை என்னும் குற்றம்

1897 ஜூன் 22 இரவு, விக்டோரியா அரசியின் வைரவிழா விருந்து முடிந்து திரும்பிய ராண்டு கணேஷ்கிண்டு சாலையில் சுடப்பட்டார். உடன் சுடப்பட்ட அயர்ஸ்ட் என்னும் இளம் படை அலுவலர் அங்கேயே இறந்தார். ராண்டு ஜூலை 3இல் இறந்தார். சாபேகர் சகோதரர் மூவர் இதன் தொடர்பில் 1898இலும் 1899இலும் தூக்கிலிடப்பட்டனர். ஒரே வீட்டைச் சேர்ந்த மூன்று மைந்தர் என்பதை அரசியல் வரலாறு தியாகமாக எழுதுகிறது. அவ்வீட்டுப் பெண்டிரின் கூற்று நமக்கு மிகக் குறைவாகவே கிடைக்கிறது.

கொலைக்கு ஒரு வாரம் முன்பு, ஜூன் 15ஆம் நாள் ‘கேசரி’ இதழில் சிவாஜி விழா குறித்து வெளிவந்த எழுத்துக்களுக்காக பால கங்காதர திலகர்மீது இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 124-அ பிரிவின்படி அரசத்துரோக வழக்குத் தொடுக்கப்பட்டது. மொழிபெயர்ப்பாளர் அனைவரும் கற்க வேண்டிய வழக்கு இது. குற்றம் சாட்டப்பட்ட எழுத்து மராத்தியில் இருந்தது. தீர்ப்புக்கு அடிப்படையானது அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு. ஜூரிகளில் ஐரோப்பியர் அறுவர், இந்தியர் மூவர். அறுவர் குற்றவாளி என்றனர். மூவர் குற்றவாளி அல்லர் என்றனர். செப்டம்பர் 14இல் பதினெட்டு மாதக் கடுங்காவல் விதிக்கப்பட்டது. 1908இல் மீண்டும் அதே பிரிவின்கீழ் வழக்கு வந்தபோது, திலகர் தம் வாதத்தின் பெரும்பகுதியை அரசு மொழிபெயர்ப்பின் பிழைகளைக் காட்டுவதிலேயே செலவிட்டார். சட்டம் கற்ற ஒருவர் தம் தற்காப்பை அகராதியின்மேல் கட்டியெழுப்பிய நிகழ்ச்சி வரலாற்றில் அரிது.

1897 வழக்கில் நீதிபதி ஸ்டிராச்சி தந்த சொற்பொருள் விளக்கம் இக்கட்டுரைக்கு இன்றியமையாதது. 124-அ பிரிவின் மையச் சொல் ‘டிஸ்அஃபெக்ஷன்’. அரசின்மேல் அதனை எழுப்புவது குற்றம். அச்சொல்லுக்கு நேர்ப்பொருள் ‘அஃபெக்ஷன்’ இன்மை, அதாவது அன்பின்மை என்று நீதிபதி விளக்கினார். பகை, வெறுப்பு, அவமதிப்பு எல்லாம் அதனுள் அடங்கும் என்றும் கூறினார். முன்னொட்டைப் பிரித்துப் பொருள் காணும் இம்முறை சொற்பிறப்பியலில் ஏற்கத்தக்கதாகத் தோன்றலாம். ஆனால் வழக்கில் அச்சொல் பற்றிழப்பையும் கலக மனப்பான்மையையும் குறிப்பது. வெறும் அன்பின்மையை அன்று. பகுதி விகுதிகளின் கூட்டுத்தொகை சொற்பொருள் ஆகாது என்பதை இலக்கணம் கற்ற எவரும் அறிவர். 1898இல் சட்டத்தைத் திருத்தியபோது, அச்சொல் அரசுப்பற்றின்மையையும் எல்லாப் பகையுணர்ச்சிகளையும் உள்ளடக்கும் என்னும் விளக்கம் சேர்க்கப்பட்டது.

அன்பு குடும்பத்துக்குரிய சொல். கொள்ளைநோய்ச் சட்டத்தில் இடம்பெறாத குடும்ப உணர்வு, அரசத்துரோகச் சட்டத்தில் அரசின்பால் செலுத்த வேண்டிய கடமையாக வந்து நிற்கிறது. நோயுற்ற பிள்ளையைப் பிரிக்கும்போது தாயின் அன்பு தடையெனக் கருதப்பட்டது; பிரித்த அரசின்மீது அன்பில்லாமை குற்றமெனக் கருதப்பட்டது. இவ்விரு சட்டங்களையும் தனித்தனியே படிப்பவர்க்கு இம்முரண் புலப்படாது. திலகரின் மூத்த மகன் விசுவநாதர் 1903இல் பிளேக் நோயால் இறந்தார் என்னும் செய்தி பெரும்பாலான அரசியல் நூல்களில் ஒரு வரியாகக் கடந்துபோகிறது.

கெடுபிடி நெடுநாள் நீடிக்கவில்லை. 1898 மார்ச்சில் பம்பாயின் மதன்புரா பகுதியில் நெசவாளர் குடும்பத்துச் சிறுமி ஒருத்தியை மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல முயன்றதிலிருந்து கலவரம் மூண்டது. 1900 ஏப்ரலில் கான்பூரில் பிரித்துவைக்கும் முகாம் தீக்கிரையானது. அரசு படிப்படியாகப் பின்வாங்கியது. அந்தந்தச் சமூகத்தாரே நடத்தும் மருத்துவமனைகள் ஏற்கப்பட்டன. உறவினர் உடனிருக்க இசைவு கிடைத்தது.

பெயரும் பேயும்

இந்திய மொழிகள் இந்நோய்க்குப் பெயரின்றித் தவித்தவை அல்ல. உருதுவில் அரபு வழிவந்த ‘தாஊன்’ இருந்தது, குஜராத்தியில் ‘மர்க்கீ’, குமாவூன், கட்வால் மலைப்பகுதிகளில் ‘மகாமாரி’, மராத்தியில் ‘கிரந்திக சந்நிபாதம்’. தமிழில் ‘கொள்ளைநோய்’, ‘பெருவாரி நோய்’ என்னும் பொதுப்பெயர்கள் வழங்கின. ஒரே வேளையில் பலர் இறந்துபடும் நிலையை சரகசம்ஹிதையின் விமானஸ்தானம் ‘ஜனபதோத்வம்ஸம்’, அதாவது நாட்டழிவு எனப் பெயரிட்டு, காற்று, நீர், நிலம், காலம் ஆகியவற்றின் கேட்டையும், அதற்கு வேராக ஆள்வோரின் அறமின்மையையும் கூறுகிறது. இத்தனை சொற்கள் இருந்தும் ‘பிளேக்’ என்னும் அயற்சொல்லே நிலைத்தது. கோயம்புத்தூரிலும் பெங்களூரிலும் தெய்வத்தின் பெயரிலேயே அது ஏறி, பிளேக் மாரியம்மன் கோயில்கள் தோன்றின. பழஞ்சொற்கள் நோயை மட்டும் குறித்தன. புதுச்சொல் நோயோடு சோதனையையும் முகாமையும் வீட்டுச் சுவரில் இட்ட குறியையும் சேர்த்துக் குறித்தது. சொல் அலுவலரோடு வந்தது என்று கொள்வதே பொருத்தமாகும்.

இதனை வலியுறுத்தும் இரு கதைகள் உள. 1902இல் அலகாபாதின் ‘சரஸ்வதி’ இதழில் மாஸ்டர் பகவான்தாஸ் எழுதிய ‘பிளேக் கீ சுடைல்’ என்னும் இந்திக் கதை வெளிவந்தது. தலைப்பின் முற்பாதி ஆங்கிலச் சொல். பிற்பாதி நாட்டுப்புற நம்பிக்கைக்குரிய பெண்பேய். பிளேக் கண்ட மனைவி இறந்துவிட்டாள் என அஞ்சி, முறையான சடங்கின்றிக் கங்கையில் விடுகின்றனர். அவள் உயிர் மீண்டு கரையேறுகிறாள். ஊரார் அவளைப் பேயென்று எண்ணி மிரள்கின்றனர். குழந்தையே அவளைத் தாயென்று அறிகிறது. இதனைத் தமிழாக்குபவர் ‘கொள்ளைநோய்ப் பேய்’ என எழுதினால் கதையின் காலம் கரைந்துவிடும். ‘பிளேக் பேய்’ என்றே இருத்தல் வேண்டும். ராஜிந்தர் சிங் பேடியின் ‘குவாரன்டீன்’ என்னும் உருதுக் கதை 1936இல் வந்த அவருடைய முதல் தொகுதியில் உள்ளது. நோயைவிட அதன் பெயரால் அமைந்த அடைப்பிடத்துக்கே மக்கள் அஞ்சினர் என்பது அதன் தொடக்கக் கருத்து. நோயாளிகளுக்கு உழைக்கும் துப்புரவாளர் பாகுவின் குடும்பத் துயரும், கதை சொல்லும் மருத்துவருக்குக் கிட்டும் பாராட்டும் அருகருகே வைக்கப்படுகின்றன. இக்கதையின் தலைப்பையும் மொழிபெயர்க்காமல் விடுவதே முறை.

காய்ச்சல் என்னும் தலைப்பு

1918இன் இன்புளூயன்சா இதற்கு நேர்மாறான வழக்கு. ஜூன் மாதத்தில் பம்பாய்த் துறைமுகப் பகுதியில் தோன்றி, செப்டம்பர் முதல் பேரலையாக எழுந்து, இந்தியாவில் மட்டும் 1.2 கோடி முதல் 1.8 கோடிப்பேரைக் கொன்றது என மக்கள்தொகை ஆய்வாளர் பலர் மதிப்பிடுவர். இன்றைய இந்திய நிலப்பரப்பின் மக்கள்தொகை 1911இல் 25.2 கோடி, 1921இல் 25.1 கோடி. இந்தியக் கணக்கெடுப்பு வரலாற்றில் மக்கள்தொகை குறைந்த பத்தாண்டு அது ஒன்றே. 1897ஆம் ஆண்டுச் சட்டம் அப்போதும் நடப்பில் இருந்தது. ஆனால் வீட்டு வாசலுக்கு அரசு வரவில்லை.

கிராமப் பதிவேட்டில் சாவுகளை எழுதியவர்கள் மருத்துவம் அறியாதவர்கள். இன்புளூயன்சாவுக்கென்று அவர்களிடம் தனித் தலைப்பு இல்லை. ‘காய்ச்சல்’ என்னும் வழக்கமான தலைப்பின் கீழேயே எழுதினர். பிற்கால ஆய்வாளர், வழக்கமான ஆண்டுகளின் காய்ச்சல் சாவுகளைக் கழித்து எஞ்சியதையே இன்புளூயன்சா சாவு எனக் கொண்டனர். ஒரு நூற்றாண்டின் மிகப்பெரிய சாவெண்ணிக்கை கழித்தலால் பெறப்பட்டது என்பதும், அதற்குக் காரணம் ஒரு சொல்லின் பொருட்பரப்பு என்பதும் சொற்பொருளியலார் நினைவிற் கொள்ளத்தக்கன. பெண்களின் சாவு ஆண்களினும் மிகுதி. நோயுற்றோர்க்கு வீட்டில் பணிவிடை செய்தவர்கள் அவர்களே என்பதை இதற்கு ஒரு காரணமாகக் காட்டுவர்.

இந்திக் கவிஞர் சூர்யகாந்த் திரிபாதி நிராலா தம் இளமையில் மனைவி மனோகரா தேவியையும் குடும்பத்தார் பலரையும் இந்நோயில் இழந்தார். 1939இல் வெளிவந்த ‘குல்லீ பாட்’ என்னும் நூலில், கங்கைக்கரையூராகிய டல்மாவில் ஆற்றை நிறைத்த பிணங்களை அவர் குறித்துள்ளார். அந்நூல் வேறொருவரின் வாழ்க்கையைக் கூறுவது. தம் வீட்டழிவை அதனிடையே சிறு பகுதியாகச் சொல்லிச் செல்கிறார். காந்தியடிகளின் மருமகள் குலாப், அதாவது ஹரிலாலின் மனைவி, தம் மகன் சாந்தியுடன் இதே நோயில் இறந்தார். அப்போது காந்தியடிகளும் இன்புளூயன்சாவால் படுத்திருந்தார் என்று எழுதுவோர் உண்டு. அவரைப் படுக்கையில் வீழ்த்தியது வயிற்றுக்கடுப்பு. இப்பிழை நூலுக்கு நூல் பெயர்ந்து வருகிறது.

ஊரும் வீடும்

2020 மார்ச் மாதத்தில் 1897ஆம் ஆண்டுச் சட்டம் மீண்டும் கையிலெடுக்கப்பட்டது. மார்ச் 25இல் தொடங்கிய நாடுதழுவிய முடக்கம் 2005ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின்படி அறிவிக்கப்பட்டது. தமிழ் இதழ்கள் அதற்கு ‘ஊரடங்கு’ என்னும் சொல்லைக் கொண்டன. கலவரக் காலத் தடையுத்தரவுக்கு வழங்கிய சொல் இவ்வாறு நோய்த்தடைக்கும் ஆகி வந்தது. ‘பொதுமுடக்கம்’ என்னும் புத்தாக்கம் அதனை முழுதும் பெயர்க்க இயலவில்லை. ‘சமூக இடைவெளி’, ‘சமூக விலகல்’ ஆகிய ஆக்கங்கள் தீண்டாமையை நினைவூட்டுகின்றன என்ற மறுப்பு எழுந்தது. ‘தனிமனித இடைவெளி’ என்றனர் சிலர். நோயுற்றவரை விலக்கி வைத்தலும், நோய் தொற்றியிருக்கலாம் என ஐயுறுவோரைக் குறித்த நாள் அளவும் தனியே இருக்கச் செய்தலும் மருத்துவத்தில் வேறுவேறு. தமிழில் இரண்டும் ‘தனிமைப்படுத்தல்’ என்னும் ஒரு சொல்லில் கலந்துவிட்டமை அன்றைய மொழிபெயர்ப்பின் குறையாகும்.

இவற்றினும் ஆழ்ந்த மாற்றம் ஒன்று இலக்கணத்தில் நிகழ்ந்தது. 1897இல் பிரித்தல் என்னும் வினையின் செயப்படுபொருள் ஆள். அவர் வீட்டினின்றும் வெளியே எடுக்கப்பட்டார். 2020இல் கதவுகளில் ஒட்டப்பட்ட தாள்களில் ‘தனிமைப்படுத்தப்பட்ட வீடு’ என்னும் தொடர் காணப்பட்டது. வினை வீட்டின்மேல் ஏறிவிட்டது. பம்பாயில் 1897-98இல் சுவர்களில் ‘யு. எச். எச்.’ என்று மூன்றெழுத்துக் குறி இட்டனர்; ‘மனிதர் குடியிருக்கத் தகுதியற்றது’ என்பது அதன் பொருள். அக்குறி வீட்டை வெறுமையாக்கியது. இத்தாள் வீட்டை நிறைத்துப் பூட்டியது. அண்டை அயலார் அதனைக் கண்டு குடும்பத்தையே ஒதுக்கினர் என்ற முறையீட்டின்பேரில், உரிய அதிகாரியின் ஆணையின்றி இத்தகைய தாள்களை ஒட்டலாகாது என 2020 டிசம்பர் 9இல் உச்ச நீதிமன்றம் தெரிவித்தது.

பூட்டிய வீட்டினுள் என்ன நிகழ்ந்தது என்பதற்கு 1897இல் போலவே இப்போதும் ஆவணம் குறைவு. குடும்ப வன்முறை குறித்துப் பெண்கள் முறையிட தேசிய மகளிர் ஆணையம் 2020 ஏப்ரலில் வாட்ஸ்அப் எண் ஒன்றை அறிவித்தது. கணவன் கேட்கும் தொலைவில் பேச முடியாதவர்க்கு எழுத்து உதவும் என்னும் எண்ணமே அதன் அடிப்படை. கோகலேக்குச் செய்தி தந்தவர்களிடம் இல்லாதிருந்த ஒரு வழி அது.

‘வீட்டிலேயே இருங்கள்’ என்னும் ஆணை வீடு ஒன்று உண்டு என்ற முற்கோளைத் தன்னுள் கொண்டது. நகரங்களில் கூலிவேலை செய்தவர்க்கு வேலைத்தளமும் வாடகை அறையும் வீடு அல்ல. தமிழ்ப் பேச்சு வழக்கில் அவர்கள் போக விரும்பியது ‘வீட்டுக்கு’ அன்று, ‘ஊருக்கு’. இந்தியில் ‘கர்’ என்னும் ஒரே சொல் வீட்டையும் பிறந்த ஊரையும் குறிக்க வல்லது. எனவே ‘கர்’ இல் இருங்கள் என்ற ஆணைக்குக் கீழ்ப்படிவோராகவே அவர்கள் நெடுஞ்சாலைகளில் நடந்தனர் என்றும் கூறலாம். 1896இல் பம்பாய் ஆலைத் தொழிலாளர் கொங்கணத்துக்கு நடந்த பாதையும் அத்தகையதே. 2020 மே 8இல் அவுரங்காபாத் அருகே இரயில் பாதையில் உறங்கிய 16 தொழிலாளர் சரக்கு இரயிலில் அடிபட்டு இறந்தனர். இச்செய்தியில் ‘வீடு திரும்பிக்கொண்டிருந்த’ என எழுதுவதா, ‘ஊர் திரும்பிக்கொண்டிருந்த’ என எழுதுவதா என்பது நடைபற்றிய தேர்வு மட்டுமன்று.

1897ஆம் ஆண்டுச் சட்டத்திற்கு 2020இல் கொண்டுவந்த திருத்தம் நலப்பணியாளரைத் தாக்குவோர்க்குத் தண்டனை விதித்தது. வாடகை வீட்டினின்றும் மருத்துவரும் செவிலியரும் வெளியேற்றப்பட்ட நிகழ்ச்சிகள் அதற்கு முன்னர் பல நகரங்களில் நடந்திருந்தன. ஆகவே ‘வன்முறைச் செயல்’ என்பதன் வரையறையில், பணியாளரின் வாழும் நிலைமையையோ பணிபுரியும் நிலைமையையோ பாதிக்கும் தொல்லையும் சேர்க்கப்பட்டது. ‘ஆபத்தான கொள்ளைநோய்’ இன்னும் வரையறுக்கப்படவில்லை. 123 ஆண்டுகளுக்குப் பின் அச்சட்டத்திற்குள் வீட்டு வாழ்க்கை நுழைந்த இடம் ‘வாழும் நிலைமை’ என்னும் அவ்விரு சொற்களே. அவையும் நோயாளியின் வீட்டைக் குறித்தவை அல்ல.